ஜெபம் நின்ற இடம்

பிப்ரவரி 9

வாயாடிக்கு மாமா எழுதுவது.

உன் பழைய நம்பருக்கு நான் அனுப்பிய பதினோரு செய்திகளில் ஒன்றும் போய்ச் சேரவில்லை. கடைசியில் நீ குடியிருந்த வீட்டின் உரிமையாளரிடம் போய் நின்று, தாளில் எழுதிக் காட்டி இந்த விலாசத்தை வாங்கினேன். முதலில் கொடுக்க மாட்டேன் என்றுதான் தலையாட்டினார். ஆனால் காது கேட்காதவனிடம் ஒரு மனிதர் எவ்வளவு நேரம் மறுத்துப் பேச முடியும்? அலுத்துப்போய்க் கொடுத்துவிட்டார்.

உன் அம்மா போய் மூன்று மாதம் ஆகிறது. அடக்கம் முடிந்த அடுத்த வாரமே வீட்டைக் காலி செய்துவிட்டாய். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா என்னைக் கூடப்பிறந்த தம்பியாகத்தான் வைத்திருந்தார். இந்தச் சபையிலேயே காது கேட்காதவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். எங்கள் இரண்டு பேருக்கும் நீதான் காது. ஒன்பது வயதிலிருந்து ஞாயிறுதோறும் முன்னால் நின்று, பிரசங்கத்தையும் பாட்டையும் கையால் சொன்ன பிள்ளை நீ. கை ஓயாமல் பேசியதால்தானே உனக்கு இந்தப் பெயர் வைத்தேன். அந்த உரிமையில் கோபித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்.

நான் வழக்கம்போல் நம் சபை கூடும் மின்சாமான் கடை மாடிக்கு ஏறி, இரண்டாவது வரிசையில் இடது ஓரமாக உட்கார்ந்துவிடுகிறேன். நீ போன பிறகு ஒரு வாரம்கூடத் தவறவில்லை. போதகர் என்மேல் இரக்கப்பட்டு, பிரசங்கத்தை அச்சடித்துக் கையில் கொடுத்தார். நான்கு நிமிடத்தில் படித்து முடித்துவிட்டேன். மனிதர் ஐம்பது நிமிடம் பேசினார். மிச்சம் நாற்பத்தாறு நிமிடம் என்னதான் பேசுகிறார் என்று நீ வந்து சொன்னால்தான் உண்டு.

எப்போது வருகிறாய்?

மாமா

*

பிப்ரவரி 20

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறேன். குளிர்சாதனப் பெட்டி விற்கும் கம்பெனியில், தொலைபேசியில் புகார் கேட்கும் வேலை. நாள் முழுவதும் வாயால் மட்டுமே பேசுகிறேன். கையால் தட்டச்சு செய்வதோடு சரி.

நான் வரமாட்டேன். எனக்காகக் காத்திருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நானே கேட்டு வாங்கினேன்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சத்தமும் கேட்காமல், ஒருவரும் கையால் சொல்லாமல், அந்த நாற்காலியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து உங்களுக்கு என்ன கிடைக்கிறது? பேசாமல் வீட்டில் ஓய்வெடுங்கள். வாரம் முழுக்க ஆஸ்பத்திரித் துணிகளோடு மல்லுக்கட்டுகிறீர்கள், முதுகாவது நிமிரட்டும்.

தப்பாக நினைக்க வேண்டாம் என்று மறுபடியும் எழுதத் தோன்றுகிறது. நினைத்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
நீங்கள் வைத்த பெயர்தான்

*

மார்ச் 2

வாயாடிக்கு,

தப்பாகத்தான் நினைத்தேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். சலவைக்கூடத்தில் எல்லோரும் எனக்குப் பல்வலி என்று நினைத்துக்கொண்டார்கள். அப்புறம் யோசித்துப் பார்த்தால் நீ கேட்டதில் தப்பொன்றும் இல்லை. கேட்க வேண்டிய கேள்விதான்.

எனக்கு என்ன கிடைக்கிறது என்று நேர்த்தியாகச் சொல்லத் தெரியவில்லை. சில வாரம் ஒன்றுமே கிடைப்பதில்லை. போன வாரம் முழுக்க, எனக்கு முன்னால் இருந்தவரின் சட்டைக் காலரில் இருந்த கறை எந்தச் சோப்புக்குப் போகும் என்றுதான் யோசித்தேன். இருபது வருஷத்துக்கு முன் உன் அம்மாவும் நானும் ஒரே நாளில், ஒரே தொட்டியில் இறங்கி ஞானஸ்நானம் எடுத்தோம். உம்மோடு இருப்பேன் என்று அன்றைக்கு ஆண்டவரிடம் சொன்னேன். காதில் விழுந்தால் இருப்பேன் என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போது இங்கே புது மேற்பார்வையாளர் வந்திருக்கிறார். வந்ததும் வராததுமாக என்னை ஞாயிறு காலை முறையில் போட்டார். நான் அழுக்குத் துணி மேஜைக்குப் போகிறேன், ஞாயிறு காலையை மட்டும் விட்டுவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அறுவைச் சிகிச்சை அறையிலிருந்து வரும் விரிப்புகளைக் கையால் பிரிக்கிற மேஜை அது. ரத்தமும் மற்றதும் இருக்கும். யாரும் அங்கே ஒரு வாரத்துக்குமேல் நிற்கமாட்டார்கள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உடனே கையெழுத்துப் போட்டார். பைத்தியம் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். துவைக்கிற இயந்திரங்களின் இரைச்சல் தாங்காமல் மற்றவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தச் செலவும் மிச்சம்.

இன்னொரு சேதி. உங்கள் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா மூன்று வாரமாக என் பக்கத்தில் வந்து உட்காருகிறார். நோட்டில் "எனக்கும் கையால பேசக் கத்துக்குடுங்க" என்று எழுதிக் காட்டினார். ஆராதனை முடிந்ததும் அரை மணி நேரம் வகுப்பு நடக்கிறது. வேகமாகக் கற்றுக்கொள்கிறார். ஆனால் ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி எல்லாவற்றையும் மூக்குக்கு நேராக, சின்னதாகச் சொல்கிறார். பார்ப்பதற்குப் பூதக்கண்ணாடி வேண்டும். அக்கா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

மாமா

*

மார்ச் 11

மாமா,

அந்த அம்மாவைப் பற்றி எனக்கு எழுதாதீர்கள்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவருக்குப் பாடம் நடத்தியிருக்க மாட்டீர்கள். சொல்லிவிடுகிறேன், அதன் பிறகாவது என்னைக் கூப்பிடுவதை நிறுத்துங்கள்.

அம்மா இதய பலவீனத்தில் படுத்திருந்த எட்டு மாதமும், நான் ஆராதனைக்கு வருகிற நேரத்தில் சபையிலிருந்து யாராவது வந்து துணைக்கு இருந்தார்கள். அந்த ஞாயிறு தையல்காரம்மாவின் முறை. காலையிலேயே அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. நான் போகவில்லை என்றேன். அம்மா விடவில்லை. "போ, தம்பி காத்திருப்பான்" என்று கையால் சொன்னாள். அதனால் வந்தேன். உங்களுக்காக வந்தேன் மாமா. வந்து உங்கள் முன்னால் நின்று பாட்டெல்லாம் சொன்னேன்.

பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்து, அம்மாவின் இரண்டு கைகளையும் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அழுதார். "கைய அசைச்சுகிட்டே இருந்தாங்கம்மா. பயப்படுறாங்கன்னு ரெண்டு கையையும் இறுக்கிப் பிடிச்சுகிட்டேன். கடைசி வரைக்கும் விடவே இல்ல. அமைதியா போயிட்டாங்க" என்றார்.

கையை அசைத்தாளாம். அம்மா பேசியிருக்கிறாள் மாமா. அவளுக்கு வாய் அதுதானே? காது கேட்கிற ஒருத்தியின் வாயைச் சாகும்வரை பொத்திப் பிடித்துவிட்டு, அமைதியாகப் போனாள் என்று சொன்னால் யாராவது ஒத்துக்கொள்வார்களா? அடக்க ஆராதனையில் எல்லோரும் அவரைத்தான் புகழ்ந்தார்கள். கையைப் பிடித்தபடியே வழியனுப்பினார் என்று போதகரே சொன்னார். அதையும் நான்தான் முன்னால் நின்று உங்களுக்குக் கையால் சொன்னேன். ஞாபகம் இருக்கிறதா?

அம்மா என்னைத்தான் கூப்பிட்டிருப்பாள். நான் அந்த மாடியில் நின்று பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அவர்மேல் கோபம், என்மேல் கோபம், உங்கள்மேலும் கோபம். நான்காவதாக யார்மேல் என்று எழுதினால் கடிதத்தைக் கிழித்துப் போடுவீர்கள். இனி எழுத வேண்டாம்.

*

ஏப்ரல் 14

வாயாடிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஐந்து வாரம் கீழ்ப்படிந்தேன். மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். இதை அனுப்பிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

எனக்குத் தெரியாது வாயாடி. கையைப் பிடித்திருந்தார் என்று நீயே சொன்னதைப் பார்த்தேன், ஆனால் அதற்கு மேல் என் புத்தி போகவில்லை. எனக்கல்லவா முதலில் உறைத்திருக்க வேண்டும். ஆறு வயதில் காய்ச்சலில் காது போன பிறகு, பள்ளியில் நான் கையை ஆட்டினால் வாத்தியார் இரண்டு கையையும் மேஜையோடு சேர்த்து அழுத்துவார். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்குக் கடைசி நேரத்தில் அப்படி நடந்தது என்று படித்துவிட்டு, அழுக்குத் துணி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். இந்தத் தடவை யாரும் பல்வலி என்று நினைக்கவில்லை.

என்னால்தான் நீ அன்றைக்கு வந்தாய். அதற்கு நான் என்ன சொல்வது? மன்னித்துக்கொள் என்று எழுதினால் சின்னதாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அடுத்த ஞாயிறு நான் ஆராதனைக்குப் போகவில்லை. மாடிப்படி வரை போனேன். மேலே தையல்காரம்மா எனக்கு இடம் போட்டு வைத்திருப்பார் என்று நினைத்தேன். திரும்பி வந்து படுத்துவிட்டேன். இருபது வருஷத்தில் காய்ச்சலில்கூட நின்றதில்லை. அடுத்த வாரம் போனேன். ஆனால் அவரைப் பார்க்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, ஜெபம் முடியும் முன்பே இறங்கி வந்துவிட்டேன். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். இப்படிப் போவதற்குப் போகாமலே இருக்கலாம் போல.

அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. தான் ஒரு மக்கு மாணவி, அதனால்தான் எனக்கு அலுத்துவிட்டது என்று நினைக்கிறாராம். போதகரின் மனைவி எழுதிக் காட்டினார்.

மாமா

*

ஏப்ரல் 23

மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. குளிர்சாதனப் பெட்டிக்குள் விளக்கு எரியவில்லை என்று ஒருவர் புகார் சொன்னார். நான் அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். மேலதிகாரி கூப்பிட்டுக் கண்டித்தார்.

நான் போவதில்லை, சரி. அது என் சண்டை. நீங்கள் எப்படிப் போகாமல் இருக்கலாம்? நீங்கள் அங்கே இருக்கிறீர்கள் என்ற தைரியத்தில்தான் நான் இங்கே கோபமாக இருந்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது. எல்லோரும் எழுந்து போய்விட்டால் நான் யாரிடம் கோபித்துக்கொள்வது? படிக்கச் சிரிப்பாக இருக்கும். எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு, காதில் தொலைபேசியும் வாயில் பேச்சுமாக இருக்கும்போது, மேஜைக்கு அடியில் என் கைகள் தானாக அசைகின்றன. பக்கத்து இருக்கைப் பெண் பார்த்துவிட்டு, "கை வலிக்குதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

தையல்காரம்மாவைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் வேறு பக்கம் உட்காருங்கள். பாடம் நடத்துவதும் நடத்தாததும் உங்கள் இஷ்டம். அவர் மக்கு இல்லை என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அம்மாவின் ரவிக்கையை அளவு எடுக்காமல், கண்ணால் பார்த்தே தைப்பார். ஒரு அங்குலம் பிசகாது.

உங்கள் பழைய இடத்துக்குத் திரும்பிப் போங்கள் மாமா.

வாயாடி

*

ஜூன் 3

வாயாடிக்கு,

உன் கடிதம் வந்த வாரமே இரண்டாவது வரிசை இடது ஓரத்துக்குத் திரும்பிவிட்டேன். என்னை ஆராதனைக்கு விரட்டியது நீ என்று போதகரிடம் சொன்னால் நம்பமாட்டார். பாடத்தையும் மறுபடி தொடங்கினேன். முதலில் மனதில்லாமல்தான் தொடங்கினேன், உன்னிடம் மறைப்பானேன். அவர் மட்டும் விடாமல் பயிற்சி செய்து, மே மாதத்தில் பாட்டைக் கையால் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி.

மூன்று வாரத்துக்கு முன் தையல்காரம்மா வலது கையில் பெரிய கட்டோடு வந்தார். இஸ்திரிப் பெட்டி சுட்டுவிட்டது. எப்படி ஆயிற்று என்று கேட்டேன். சொல்லத் தொடங்கினார். இடது கை மட்டும் ஆடியது, கட்டுப் போட்ட கை பாதியிலேயே நின்றது. மறுபடி முயன்றார். சொல்ல வராமல் சிரித்தார். அப்புறம் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

புதன்கிழமை மதியம் சலவைக்கூட வாசலில் வந்து நின்றார். துணி வெட்ட மாதிரி வரைகிற தாளில் ஒரே வரி எழுதிக் கொண்டுவந்திருந்தார். "அன்னைக்கு நான் அக்கா வாயை அடைச்சுட்டேனா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் நடைபாதை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மதிய இடைவேளை முடிந்தும் நான் உள்ளே போகவில்லை.

அப்புறம்தான் கேட்கத் தோன்றியது. கையைப் பிடிப்பதற்கு முன் அக்கா என்ன செய்தார், காட்டுங்கள் என்றேன். நீதான் எழுதியிருந்தாயே, ஒரு தடவை பார்த்தால் போதும் அவருக்கு. ஒரு கை கட்டோடு, மெதுவாக, பார்த்தது பார்த்தபடி காட்டினார். கைகள் மேலே போயின. நெற்றிக்கு வந்தன. இரண்டும் அகலமாக விரிந்து, கீழே தரைவரை இறங்கின. உள்ளங்கைகள் சேர்ந்து ஏந்தின.

அது ஊர் முழுக்க உள்ள சைகை இல்லை. பரமண்டல ஜெபத்துக்கு உன் அம்மாவும் நானும் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கினோமே, அது: மேலே இருக்கிற பிதா, அவர் நாமம், பூமிவரை அவர் சித்தம், ஏந்திக் கேட்கிற ஆகாரம். நம் மூன்று பேரைத் தவிர உலகத்தில் அது யாருக்கும் தெரியாது; ஜெபத்தின்போது சபையார் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்களே. தையல்காரம்மாவுக்குக்கூட நான் அதை அதுவரை சொல்லித்தந்திருக்கவில்லை.

மணி என்ன இருக்கும் என்று கேட்டேன். பதினொன்றரை என்றார். அக்கா காலையிலேயே கடிகாரத்தைத் தன் பக்கம் திருப்பி வைக்கும்படி விரல் காட்டினாராம், அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பதினொன்றரைக்குச் சபை எழுந்து நின்று அந்த ஜெபத்தைச் சொல்லும் என்று உனக்குத் தெரியும். அதே நிமிடத்தில் நீ என் முன்னால் நின்று அதே கைகளை அசைத்துக்கொண்டிருந்தாய். அக்கா பயப்படவில்லை. உன்னைக் கூப்பிடவும் இல்லை. எட்டு மாதமாகப் படுக்கையிலிருந்தே நம்மோடு ஆராதனைக்கு வந்துகொண்டிருந்திருக்கிறார். நமக்குத்தான் தெரியவில்லை.

உள்ளங்கைகளை ஏந்தி அன்றைய ஆகாரத்தைக் கேட்கும் இடம்வரை சொல்லியிருக்கிறார். அந்த இடத்தில்தான் தையல்காரம்மா கைகளைப் பிடித்திருக்கிறார்.

அவருக்குக் கட்டு அவிழ்த்தாயிற்று. ஜெபத்தையும் இப்போது முழுதாகக் கற்றுக்கொடுத்துவிட்டேன். போன ஞாயிறு முதல்முறையாக முன்னால் நின்று எனக்குச் சொன்னார். கை பெரிதாக விரிந்தது. உனக்கு எழுதட்டுமா என்று என்னிடம் கேட்டார். நீ கேட்கும்வரை வேண்டாம் என்றேன். சரியா, தப்பா?

மாமா

*

ஜூன் 12

மாமாவுக்கு,

சரிதான். அவர் எழுதியிருந்தால் பிரித்திருக்க மாட்டேன்.

உங்கள் கடிதத்தை அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். வேலை நேரம் தொடங்கியும் உள்ளே போகவில்லை. பக்கத்து இருக்கைப் பெண் தேடிக்கொண்டு வந்து கூடவே உட்கார்ந்தாள். விடுதிக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அம்மா செய்ததை நானும் செய்து பார்த்தேன். முதல் கையசைவிலிருந்து ஆகாரம் கேட்கும் இடம்வரை. ஏழு மாதமாக அம்மா என்னைக் கூப்பிட்டுக்கொண்டே போனாள் என்றுதான் நினைத்திருந்தேன். நான் அங்கே இல்லையே என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என் கூடவே ஜெபித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதை எனக்குச் சொல்ல உங்களையும் தையல்காரம்மாவையும் விட்டால் வேறு ஆளில்லை.

தையல்காரம்மாமேல் கோபம் போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். குறைந்திருக்கிறது. காலையில் குறைவாக இருக்கிறது, சாயங்காலம் மறுபடி ஏறுகிறது. ஆனால் அவர் கட்டுப் போட்ட கையோடு நடைபாதையில் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் என்னமோ செய்கிறது. நீங்கள் ஆமாம் என்று தலையாட்டினீர்கள் பாருங்கள், அதற்கு உங்களுக்கு நன்றி. இல்லை என்று சொல்லியிருந்தால் உங்களையும் வெறுத்திருப்பேன்.

ஞாயிறு முறையிலிருந்து என்னை எடுத்துவிடுங்கள் என்று மேலதிகாரியிடம் கேட்டேன். "நீங்கதானே கேட்டு வாங்கினீங்க?" என்று சிரித்தார். ஆமாம், இப்போது வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். ஆராதனைக்குப் போக வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லி ரொம்ப நாளாகிவிட்டதால் எனக்கே வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது. இந்த வாரத்து அட்டவணை போட்டாயிற்றாம். அடுத்த ஞாயிறிலிருந்து விடுமுறை.

அன்றைக்குக் காலை முதல் ரயிலில் வருகிறேன். நான் முன்னால் நிற்க மாட்டேன். அது இப்போது தையல்காரம்மாவின் இடம், அவரே நிற்கட்டும். நான் உங்களுக்குப் பக்கத்தில், அம்மாவின் நாற்காலியில் உட்காருகிறேன். நான் வருவதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திடீரென்று என்னைப் பார்த்தால் பயந்துபோய் ஊசி சைஸுக்குச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

ஒரே ஒரு உதவி செய்ய வேண்டும். பரமண்டல ஜெபம் வரும்போது, ஆகாரம் கேட்கும் இடம்வரை சொல்லிவிட்டு அவரை நிறுத்தச் சொல்லுங்கள். எங்களுக்குத் தப்பு செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறோம், எங்களையும் மன்னியும் என்று கேட்பதுதான் அடுத்த வரி. அம்மா அதைச் சொல்வதற்குள் கை நின்றுவிட்டது. நான் எழுந்து நின்று, தையல்காரம்மாவைப் பார்த்து, அதைச் சொல்ல வேண்டும். அந்த நிமிடத்தில் என் கை எழும்புமா என்று எனக்குத் தெரியவில்லை. அது தெரிவதற்குத்தான் வருகிறேன்.

வாயாடி